தட்டுவதா, துடைப்பதா, உறிஞ்சுவதா? பாலாற்றங்கரை வீடுகளுக்கு ஒரு தூசி வழிகாட்டி

வாணியம்பாடி, ஆம்பூர் தொடங்கி வேலூர், ராணிப்பேட்டை வரை பாலாற்றை ஒட்டிக் குடியிருப்பவர்களின் வீட்டில் தினமும் படியும் தூசி பல இடங்களிலிருந்து வருகிறது. ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கும் ஆற்றின் மணல் அதில் இருக்கிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு பகலாக ஓடும் லாரிகள் கிளப்பும் புழுதியும் புகைக்கரியும் இருக்கின்றன. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூடிய தெருக்களின் மண் இருக்கிறது. வீட்டில் ஒருவர் டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறார் என்றால், அவர் சட்டையிலும் தலைமுடியிலும் ஒட்டி வரும் தோல் தூளும் சேர்ந்துகொள்கிறது. எந்த ஊர் வீட்டிலும் இருக்கும் பஞ்சும் நூல் பிசிறும் உடலிலிருந்து உதிரும் செதிலும் தனி.

இத்தனையையும் துடைக்கும் வேலை பெரும்பாலும் ஒருவர் தலையில்தான் விழுகிறது. 2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்தார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் கொடுத்தது 97 நிமிடம். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பகல் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குபவருக்கு, தூசி துடைக்கும் கருவி எவ்வளவு பளபளப்பாக்குகிறது என்பது முக்கியமில்லை. ஒருமுறை செய்த வேலையை மறுபடி செய்ய வைக்காமல் இருந்தால் போதும். இந்த வழிகாட்டி அந்தக் கணக்கை வைத்தே எழுதியது.

எந்தக் கருவியை எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதனால் தூசி வீட்டைவிட்டு வெளியே போகிறதா, அலமாரியிலிருந்து கட்டிலுக்கு இடம் மாறுகிறதா?

அசையாத காற்றில், பத்து மைக்ரான் அளவுள்ள துகள் ஆறடி உயரத்திலிருந்து தரைக்கு இறங்க ஏறக்குறைய பத்து நிமிடம் ஆகும். ஒரு மைக்ரான் அளவுத் துகளுக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். மின்விசிறி ஓடும் வீட்டில் அது இறங்கவே இறங்காது என்று வைத்துக்கொள்ளலாம். காலை எட்டு மணிக்குத் துணியால் பட்பட்டென்று தட்டிய தூசி, பகலெல்லாம் மிதந்துவிட்டு மாலையில் அதே இடத்தில் வந்து உட்காருகிறது. நுண்ணிய துகள்தான் மூச்சுக்குழாய்க்குள்ளும் ஆழமாகப் போகிறது.

உங்கள் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை டிவி ஸ்டாண்டின் மட்டத்துக்குப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத தூசியெல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். அந்த வெளிச்சத்திலேயே ஒருமுறை உலர்ந்த துணியால் தட்டுங்கள். ஒளிக்கற்றைக்குள் துகள்கள் கொதித்து மேலே கிளம்புவதைப் பார்க்கலாம். பிறகு ஈரத்துணியால் இழுத்துத் துடையுங்கள். கற்றைக்குள் அநேகமாக ஒன்றும் எழாது. இதை ஒருமுறை பார்த்தவர் தூசி தட்டும் இறகுக் கொத்தை மறுபடி வாங்க மாட்டார்.

துடைப்பத்தை விட்டுவிட முடியாது

தரைக்குப் பூந்துடைப்பத்தை அடித்துக்கொள்ள இன்னொன்று இல்லை. மேகாலயா போன்ற வடகிழக்கு மலைப்பகுதிகளில் விளையும் புல்லின் கதிர்தான் அது. வழவழப்பான டைல்ஸ், மொசைக் தரையில் மெல்லிய மண்ணைக்கூட ஒன்றுசேர்த்துவிடும். விலை குறைவு, கரண்ட் வேண்டாம், கட்டிலடிக்குப் போகும். புதிதாக வாங்கியதும் சில நாள் அதுவே பூ உதிர்த்துத் தூசி போடும் என்பது எல்லோரும் அறிந்த தொல்லை. வாங்கிய அன்றே மாடிக்கு எடுத்துப் போய்த் தரையில் நன்றாகத் தட்டி, தண்ணீரில் அலசி, தலைகீழாகக் கட்டி வெயிலில் உலர்த்திவிட்டால் அந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஆனால் பூந்துடைப்பம் பெரிய துகளைத்தான் ஒன்றுசேர்க்கும். நுண்ணிய தூளை மேலே கிளப்பும். அதனால் இரண்டு பழக்கம் தேவை. பெருக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். இதைச் சொல்லாத பாட்டி இல்லை, செய்யாத வீடுகள் நிறைய. அடுத்து, துடைப்பத்தின் நுனியில் தண்ணீரைத் தெளித்து உதறிவிட்டுப் பெருக்குங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் சேறாகும், லேசான ஈரமே போதும். பெரிய கடைகளிலும் கூடங்களிலும் ஈர மரத்தூளைத் தூவிப் பெருக்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

தென்னந்துடைப்பம் வாசலுக்கும் மாடிக்கும் கழுவும் தரைக்கும். வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கும் வழக்கத்தைக் கோலத்தோடு சேர்த்து மட்டும் பார்க்கிறோம். புழுதித் தெருவில் இருப்பவர்களுக்கு அது நல்ல தூசித் தடுப்பு. தெரு தோண்டிக் கிடக்கும் மாதங்களில் மாலையிலும் ஒருமுறை தெளித்தால் உள்ளே வரும் மண் கண்கூடாகக் குறையும்.

எந்தத் துணி?

அலமாரி, மேசை, ஜன்னல் சட்டம், கதவு, டிவி ஸ்டாண்ட் எல்லாவற்றுக்கும் என் முதல் தேர்வு ஈரத்துணி. நனைத்து, முறுக்கிப் பிழிந்து, கையில் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும். அழுத்தினால் சொட்டு விழக் கூடாது. அந்த அளவு ஈரம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மரத்தையும் கெடுக்காது. துணியை இரண்டு முறை மடித்துக்கொண்டால் திருப்பித் திருப்பி எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் கறுத்ததும் அடுத்ததுக்குப் போகலாம். பலர் ஒரே முகத்தால் வீடு முழுக்கத் துடைக்கிறார்கள். மூன்றாவது அலமாரிக்குப் போகும்போது அவர்கள் பூசுவது முதல் அலமாரியின் அழுக்கைத்தான்.

துணிகளுக்குள் போட்டி மூன்றுக்கு. பழைய கைலி, வேட்டித் துணி ஒன்று. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தி நன்றாக ஈரம் உறிஞ்சும், பிசிறு விடாது, காசும் கிடையாது. புதுப் பருத்தித் துணி இதற்கு உதவாது. கஞ்சி போகும்வரை தண்ணீரையே வாங்காது.

இரண்டாவது, மெக்கானிக் கடைகளிலும் கம்பெனிகளிலும் கிலோக் கணக்கில் வாங்கும் பனியன் வேஸ்ட். கிரீஸும் எண்ணெயும் துடைத்துத் தூக்கிப்போட அது சரி. வீட்டு அலமாரிக்கு எடுத்தால் வெட்டிய ஓரங்களிலிருந்து நூல் உதிர்ந்துகொண்டே இருக்கும். அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேன், ஜன்னல் கம்பியில் ஏறிய பிசுக்கு ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மைக்ரோஃபைபர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர்த் தொழிலுக்கும் இதற்கும் உறவு உண்டு. ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகாமோட்டோ என்ற விஞ்ஞானி 1970-இல் மிக மிக மெல்லிய பாலியெஸ்டர் இழையைக் கொண்டு ஸ்வேட் தோலைப் போன்ற ஒரு துணியை உருவாக்கினார். அல்ட்ராஸ்வேட் என்ற பெயரில் அது புகழ்பெற்றது. தோலுக்குப் போட்டியாக வந்த அதே இழைக் குடும்பத்திலிருந்துதான் பின்னாளில் துடைக்கும் துணியும் வந்தது. இழையின் பருமன் தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. துடைக்கும் துணிக்குப் பாலியெஸ்டரையும் பாலியமைடையும் சேர்த்து நூற்று, பிறகு இழையைப் பிளக்கிறார்கள். பிளந்த இழையின் கூரிய விளிம்புகள் துகளை வழித்து எடுத்து இடுக்குக்குள் வைத்துக்கொள்கின்றன. அதனால் மைக்ரோஃபைபரை உலர்ந்தபடியே பயன்படுத்தினாலும் ஓரளவுக்குத் தூசியைப் பிடிக்கும். டிவித் திரை, கம்ப்யூட்டர், ஸ்விட்ச் போர்டு என்று ஈரம் ஆகாத இடங்களுக்கு இதைவிட நல்லது கிடையாது.

வாங்கும்போது உள்ளங்கையை அதன்மேல் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். தோலின் சொரசொரப்பில் துணி கொக்கி போட்டதுபோல் பற்றினால் இழை பிளந்த நல்ல துணி. வழுக்கிக்கொண்டு போனால் பெயர் மட்டும்தான் மைக்ரோஃபைபர். துவைப்பதில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் இழையின் இடுக்குகள் அடைபட்டுப் போகும். துண்டு, லுங்கியோடு சேர்த்து மெஷினில் போட்டால் அவற்றின் பஞ்சையெல்லாம் பிடித்துக்கொண்டு வரும். இஸ்திரிப்பெட்டியின் சூடு இழையை உருக்கிக் கெட்டியாக்கும். தனியாக, கொஞ்சம் சோப்பில் அலசி நிழலில் காயப்போட்டால் பல மாதம் உழைக்கும். ஒவ்வொரு அலசலிலும் பிளாஸ்டிக் நுண்ணிழை சாக்கடையில் கலக்கிறது என்பது இதன் குறை. பாலாறு ஏற்கெனவே சுமக்கும் கழிவே போதும் என்று நினைப்பவர்கள் ஈரம் படலாகாத இடங்களுக்கு மட்டும் ஒன்றிரண்டு மைக்ரோஃபைபர் வைத்துக்கொண்டு, மற்றதுக்கெல்லாம் பழைய கைலியைக் கிழித்துக்கொள்ளலாம். நான் சிபாரிசு செய்வதும் அதைத்தான்.

தோல் ஊரில் இருந்துகொண்டு ஷாமாய் தோலைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆட்டுத் தோலை மீன் எண்ணெயில் பதப்படுத்தி எடுக்கும் மெல்லிய, மஞ்சளான தோல் அது. நனைத்துப் பிழிந்து கண்ணாடியிலோ காரிலோ இழுத்தால் நீர்க்கோடு ஒன்றுகூட நிற்காது. ஆனால் தூசி படிந்த பரப்பில் அதைத் தேய்க்கக் கூடாது. மணல் தோலுக்குள் சிக்கிக் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் தூசியைத் துடைத்து, கழுவி, கடைசியாகத் தண்ணீரை எடுக்க மட்டும் ஷாமாய். கடைகளில் அதே பெயரில் உருளை டப்பாவில் கிடைப்பது பெரும்பாலும் செயற்கைப் பொருள். அதுவும் தண்ணீரை நன்றாக எடுக்கும், தோல் என்று நினைத்துத் தோலின் விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.

தண்ணீர்தான் இங்கே சிக்கல்

ஈரத்துணி நல்லது என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கும். அது வேலூர், ஆம்பூர் போர்த் தண்ணீரைக் கணக்கில் வைத்து எழுதியது அல்ல. டேனரிக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் உப்பேறியதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தந்த தீர்ப்பு நாடே அறிந்தது. அந்த உப்புக்கு வீட்டுக்குள்ளும் ஒரு விளைவு உண்டு. போர்த் தண்ணீரால் துடைத்த கருப்புக் கிரானைட், கண்ணாடிக் கதவு, சன்மைக்கா எல்லாவற்றிலும் காய்ந்ததும் வெள்ளைப் படலம் எழும். வேலை தெரியாதவர் துடைத்ததுபோல் இருக்கும். மறுபடி துடைப்பார்கள், மறுபடி வெளுக்கும்.

கழுவுவதற்கும் தரைக்கும் போர்த் தண்ணீர் போகட்டும். பளபளப்பான பரப்புகளுக்கு ஒரு சின்னக் கிண்ணம் காவிரிக் குடிநீரை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பிழிந்த துணிக்கு அதற்குமேல் தேவைப்படாது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை இதற்கு எடுக்காதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல். ஏசி இருக்கும் வீட்டில் குழாய் வழியாக வடியும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்கியது. அநேகமாக உப்பே இராது. அதை வாளியில் பிடித்து வைத்தால் கண்ணாடி, டைல்ஸ், ஃபேன் இறக்கை துடைக்க அருமையான தண்ணீர்.

ஏற்கெனவே படிந்த உப்புக் கறைக்குக் கண்ணாடியிலும் எவர்சில்வரிலும் வினிகர் கலந்த தண்ணீர் கேட்கும். கடப்பா கல் அலமாரியிலும் மார்பிளிலும் மட்டும் வினிகர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். இரண்டும் சுண்ணாம்புச் சத்துள்ள கல். புளிப்பு பட்டால் மெருகு அரித்துப் போகும்.

ஈரம் ஆகவே ஆகாத இடம் ஒன்று உண்டு: ஒட்டடை. சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ அடித்த சுவரில் ஒட்டடையை ஈரத்துணியால் எடுத்தால் கரிக்கோடாக அப்பிக்கொள்ளும், அடுத்த வெள்ளையடிப்பு வரைக்கும் போகாது. அங்கே உலர்ந்த ஒட்டடைக் கம்புதான். நீட்டிச் சுருக்கும் குழாயில் உருண்டைத் தூரிகை வைத்தது, பழைய கம்பில் கட்டிய துடைப்பத்தைவிட மேல், ஏனென்றால் அது சிலந்தி வலையைச் சுருட்டி எடுக்கிறது. துடைப்பம் கிழித்துக் கீழே போடுகிறது. போகிக்கு முன்போ ரம்ஜானுக்கு முன்போ வீடு முழுக்க ஒட்டடை அடிக்கும் நாளில் மூக்குக்கு என்-95 மாஸ்க், தலைக்குத் துணி, கட்டிலுக்குப் பழைய போர்வை. ஆஸ்துமாவோ தும்மலோ இருப்பவரை அன்று வெளியே அனுப்பிவிடுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை வீடுகள் நம் பகுதியில் நிறைய. அந்த ஷீட்டின் அடிப்புறத்தைத் துடைப்பத்தால் தேய்ப்பதோ சுரண்டுவதோ கூடாது. பழைய ஷீட்டிலிருந்து உதிரும் நார் நுரையீரலுக்குக் கேடு. ஒட்டடை தொங்கினால் கம்பு ஷீட்டில் உரசாமல் நுனியால் சுருட்டி எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாக்குவம் கிளீனர் யாருக்கு?

1982-இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனத்தின் ஆட்கள் வாக்குவம் கிளீனரை வீடு வீடாக வந்து செய்து காட்டி விற்ற காலத்திலிருந்து இந்தக் கேள்வி இருக்கிறது. வாங்கிய பல வீடுகளில் அது பரணுக்குப் போய்விட்டது. காரணம் கருவியின் குறை அல்ல. டைல்ஸ் தரையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் உள்ள வீட்டில் துடைப்பம் ஐந்து நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கு, அதை இறக்கி, குழாய் மாட்டி, வயர் இழுத்து, பையைக் காலி செய்யக் கால் மணி நேரம் ஆகிறது. சலிப்பைக் குறைக்க வாங்கியது சலிப்பைக் கூட்டினால் யார் எடுப்பார்கள்?

மெத்தை, துணி உறையிட்ட சோபா, ஜமுக்காளம், தரை விரிப்பு, தொழுகை விரிப்புகள் உள்ள வீடு என்றால் கதை வேறு. துணிக்குள் போன தூசியைத் துணியாலும் துடைப்பத்தாலும் எடுக்க முடியாது, உறிஞ்சத்தான் வேண்டும். மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியின் கழிவுதான் பலருக்குக் காலையில் எழுந்ததும் வரும் தும்மலுக்குக் காரணம். அப்படிப்பட்ட வீட்டில் வாக்குவம் வாங்கலாம். ஆனால் ஹெப்பா வடிகட்டி உள்ளதாக இருக்க வேண்டும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் வடிகட்டிக்குத்தான் அந்தப் பெயர். அது இல்லாத வாக்குவம் முன்னால் மண்ணை உறிஞ்சிப் பின்னால் நுண்தூளை ஊதுகிறது. டார்ச் சோதனையை அதன் பின்புறத் துளையில் செய்து பார்த்தால் தெரியும். பை உள்ளதா, டப்பா உள்ளதா என்றால் ஒவ்வாமை இருக்கும் வீட்டுக்குப் பை உள்ளதே நல்லது. கட்டித் தூக்கிப் போட்டுவிடலாம். டப்பாவைத் தட்டிக் கொட்டும்போது பாதித் தூசி மூஞ்சிக்கே வருகிறது. கரண்ட் செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம்: ஆயிரம் வாட் கருவி அரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட்.

மெத்தை உறையையும் தலையணை உறையையும் 60 டிகிரி சூட்டில் துவைத்தால் தூசிப் பூச்சி செத்துவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மெத்தையை மாடியில் இரண்டு பக்கமும் காயவைப்பதும் வீண்போகாது. ஈரம் இல்லாத இடத்தில் அந்தப் பூச்சி பிழைப்பதில்லை.

ரோபோ வாக்குவத்தை நம் வீடுகளின் உயர்ந்த வாசற்படிகள் அறைக்கு அறை தடுத்துவிடும். ஏர் பியூரிஃபையர் மிதக்கும் தூசியைத்தான் எடுக்கும், படிந்ததை எடுக்காது. ஜன்னல் திறந்திருக்கும் வீட்டில் அதற்கும் பயன் குறைவு.

தோல் வேலைக்குப் போகிறவர் வீடு

இந்த வீடுகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. டேனரியில் தோலின் பரப்பைத் தேய்த்துச் சீராக்கும் பஃபிங் செய்பவர், ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுவதற்காகத் தோலைச் சொரசொரப்பாக்கும் ரஃபிங் மெஷினில் நிற்பவர், ஓரம் வெட்டும் டிரிம்மிங்கில் இருப்பவர் ஆகியோர் உடையில் ஏறுவது சாதாரண மண் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வெளியிட்ட தொகுப்பில் தோல் தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கிலும் மூக்கையொட்டிய எலும்பறைகளிலும் வரும் புற்றுநோய் அது. ஆண்டுக்கணக்கில் பட்டறையில் மூச்சிழுத்தவர்களிடம் கண்டறிந்தது. சட்டையில் வரும் துளித் தூள் அதே அளவு ஆபத்து என்று பொருளில்லை. ஆனாலும் அந்தத் தூளைக் குழந்தை தவழும் தரைக்குக் கொண்டுவர எந்தக் காரணமும் இல்லை.

குரோம் பற்றியும் அளவான பயம் வேண்டும். தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். அதன் நச்சுத்தன்மை குறைவு. பயப்பட வேண்டியது ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் தோலில் அதைக் கிலோவுக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழ் வைக்கச் சொல்லியிருப்பதை நம் ஏற்றுமதி கம்பெனிகளில் வேலை செய்பவர்கள் அறிவார்கள். ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிக் கிடக்கும் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலையின் கழிவுக் குவியலைச் சுற்றிப் பேசப்படுவதும் அந்தக் குரோமியத்தைப் பற்றித்தான். அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் உலர்ந்த துடைப்பத்தைக் குறைத்து ஈரத்துணியைக் கூட்டுவது நல்லது.

இப்படிப்பட்ட வீட்டில் எந்தத் துணியையும் மெஷினையும்விட அதிகம் உழைப்பு மிச்சப்படுத்துவது வாசல். வேலை உடையைக் கம்பெனியிலேயே மாற்ற முடிந்தால் அதுதான் முதல் வழி. கை கால் கழுவ இடமும், துணி வைக்க இடமும், தூசியை உறிஞ்சி வெளியேற்றும் ஏற்பாடும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே சொல்லப்பட்டவை. புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. ஷிஃப்ட் முடிந்ததும் ஏர் பைப்பால் சட்டையை ஊதிக்கொள்ளும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். தூள் துணியை விட்டு நேரே மூக்குக்குப் போகிறது.

கம்பெனியில் மாற்ற முடியாதவர், வீட்டுக்குள் நுழையும் முன் வாசலிலோ குளியலறையிலோ உடையைக் கழற்றி, உதறாமல், நேரே தண்ணீர் வாளியில் அமுக்கிவிட வேண்டும். துவைக்கும் வரை ஊறட்டும். குழந்தைகள் துணியோடு கலக்கக் கூடாது. தலைக்கு வேலை நேரத்தில் ஒரு துணி கட்டியிருந்தால் தலையணை தப்பிக்கும். "வந்ததும் புள்ளைய தூக்காதீங்க, குளிச்சிட்டு வாங்க" என்று வாசலில் நின்று சொல்லும் மனைவி வீட்டுத் தூசியில் ஒரு பங்கை அங்கேயே நிறுத்திவிடுகிறார்.

வீட்டிலேயே ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் பெண்களுக்கு வழி இன்னும் எளிது. தரையில் பழைய போர்வையையோ புடவையையோ விரித்து அதன்மேல் உட்கார்ந்து தையுங்கள். முடிந்ததும் நான்கு முனையையும் உள்பக்கமாக மடித்து, நறுக்கும் நூலும் தூளுமாக அப்படியே வெளியே எடுத்துப்போய்க் குப்பையில் கொட்டிவிட்டுப் போர்வையை நனைத்துவிடலாம். அடுப்படியும் படுக்கையும் இருக்கும் அறையை இந்த வேலைக்குத் தவிர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

வேலையைக் குறைப்பது

தூசி துடைப்பதில் நேரம் தின்பது துடைப்பது அல்ல, பொருளை எடுத்து வைப்பது. ஷோகேஸில் பத்துப் பொம்மை இருந்தால் பத்து முறை தூக்கி, பத்து முறை துடைத்து, பத்து முறை வைக்கிறோம். அவற்றை ஒரு தட்டில் வைத்தால் ஒருமுறை தட்டைத் தூக்கினால் போதும். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்கு மாதம் ஒருமுறை கை வைத்தால் போதுமானது. திறந்த அலமாரிக்கு வாரம் இருமுறை வேண்டும். புது அலமாரி செய்யும் ஆசாரியிடம் கதவுக்காகக் கொடுக்கும் பணம் துடைப்பு வேலையில் திரும்பி வந்துவிடும். நெடுஞ்சாலை ஓர வீட்டில் பிளாஸ்டிக் பூச்செண்டு வைப்பதை நான் எப்போதும் எதிர்ப்பேன். அதை யாரும் துடைப்பதில்லை.

மேலிருந்து கீழே வாருங்கள்: ஒட்டடை, ஃபேன், அலமாரி, கடைசியாகத் தரை. ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும், கட்டில் தப்பும். கொசுவலை அடித்த ஜன்னலில் வலைதான் வடிகட்டி. அதை மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவாவிட்டால் ஆடிக் காற்று அதன் தூசியையெல்லாம் உள்ளே ஊதிவிடும். ஜன்னல்களை விடிகாலையில் திறந்து, லாரியும் காற்றும் கூடும் நேரத்தில் சாலைப் பக்கத்தை மட்டும் மூடுங்கள். வாசலுக்கு வெளியே தேங்காய் நார் மிதியடி, உள்ளே பருத்தி மிதியடி. இரண்டையும் வாரம் ஒருமுறை மாடியில், காற்று வீட்டைவிட்டு விலகி அடிக்கும் பக்கம் நின்று தட்ட வேண்டும்.

யார் செய்வது என்பதும் ஒரு தேர்வுதான். மிதியடி தட்டுவது, ஃபேன் துடைப்பது, ஒட்டடை அடிப்பது, கொசுவலை கழுவுவது எல்லாமே உயரமும் தோள் வலுவும் கேட்கும் வேலைகள். இவை வீட்டு ஆண்களுக்கும் வளர்ந்த பையன்களுக்கும் நிரந்தரமாகப் போகட்டும். எப்போதாவது உதவி செய்வதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கும் வேலையும் பெண்ணின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

குறைந்த செலவில் வாங்குபவருக்கு: ஒரு பூந்துடைப்பம், கிழித்த கைலியில் ஆறு துணி, ஒரு ஒட்டடைக் கம்பு, இரண்டு மிதியடி.  டைல்ஸ் வீடும் டிவியும் கண்ணாடி அலமாரியும் உள்ளவர் இதோடு நல்ல மைக்ரோஃபைபர் இரண்டு சேர்த்துக்கொள்ளட்டும். மெத்தை, சோபா, ஆஸ்துமா மூன்றும் உள்ள வீட்டுக்கு ஹெப்பா வாக்குவம் நியாயமான செலவு. தோல் வேலைக்குப் போகிறவர் வீட்டில் முதலில் வாங்க வேண்டியது மூடியுள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. அது குளியலறை வாசலிலேயே இருக்கட்டும், வேலை உடைக்கு மட்டும்.